சின்னப் பலகையும் பெரிய மின்சாரமும்: நடுவில் நிற்கும் ரிலே

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரோபோ செய்யும் பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் வழி மைக்ரோபிட் என்னும் சிறு மின்னணுப் பலகை பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. மலேசியாவிலும் அதே ஆண்டு கணிமச் சிந்தனை பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தது. பள்ளிக்கு வெளியே அர்டுயினோ, ராஸ்பெரி பை, இஎஸ்பி32 என்று இன்னும் பல பலகைகள் இருக்கின்றன.

தொடக்கத்தில் பிள்ளை ஒரு சிறு விளக்கைச் சிமிட்ட வைக்கும். அடுத்து இரண்டு சக்கரம் வைத்து ஒரு வண்டியை ஓட்டும். அதுவும் பழகிப்போன பிறகு ஒரு நாள் நம்மிடம் வந்து கேட்கும்: "அப்பா, இதை வைத்து மீன் தொட்டிப் பம்பை ஓட்டலாமா? நாம் ஊரில் இல்லாதபோது அம்மாவின் செடிகளுக்குத் தானாகவே தண்ணீர் விடலாமா?"

நல்ல கேள்விதான். விளையாட்டுச் சாமானிலிருந்து வீட்டுப் பொருளுக்குப் பிள்ளையின் படிப்பு தாவுகிற இடம் அது. அந்தத் தாவலுக்கு உதவும் கருவியின் பெயர் ரிலே. மின்னணுக் கடைகளில் நீல நிறத்தில் சிறு பெட்டியாக, ஒரு பலகையில் பொருத்தி விற்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. இணையத்தில் படத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் இணைத்தும் விடலாம். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிள்ளை கைதட்டும், நாமும் கைதட்டுவோம்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். 'டிக்' என்ற ஒலி ரிலே அசைகிறது என்பதற்குச் சான்று. அது பத்திரமாக அசைகிறதா, பலகை செயலிழந்தால் அது என்ன செய்யும் என்பதற்கெல்லாம் அந்த ஒலி பதில் சொல்லாது.

அஞ்சல் ஓட்டமும் ரிலேயும்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஓடிக் களைத்ததும் கையில் இருக்கும் கோலை அடுத்தவரிடம் கொடுப்பார். ஆங்கிலத்தில் அந்த ஓட்டத்துக்கும் இந்தக் கருவிக்கும் ஒரே பெயர்தான். தந்தி பிறந்த காலத்தில் நெடுந்தூரம் கம்பியில் ஓடிவந்த மின்னோட்டம் வலுவிழந்து போகும். அந்த வலுவிழந்த மின்னோட்டத்தைக் கொண்டே இன்னொரு மின்கலத்தின் வலுவான மின்னோட்டத்தை முடுக்கிவிட முடியும் என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டினார். களைத்த குதிரையை நிறுத்திவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவது போன்ற ஏற்பாடு அது.

ஆனால் அஞ்சல் ஓட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓட்டத்தில் கோல் கை மாறுகிறது. ரிலேயில் எதுவும் கை மாறுவதில்லை. உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருள், ஓர் இரும்புத் துண்டு, இரண்டு மூன்று தொடுமுனைகள், அவ்வளவுதான். சுருளில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகிறது. காந்தம் இரும்புத் துண்டை இழுக்கிறது. இரும்புத் துண்டு தொடுமுனையைத் தள்ளி இன்னொரு மின்சுற்றை மூடுகிறது. மின்சாரம் நின்றால் வில் ஒன்று எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். சுருளின் பக்கத்து மின்சாரம் ஒரு துளிகூடத் தொடுமுனைப் பக்கம் போவதில்லை. காந்தத்தின் இழுப்பு மட்டுமே நடுவில் உள்ள இடைவெளியைக் கடக்கிறது.

ஆகவே ரிலேயைச் சுவிட்சு என்று மட்டும் நினைக்காமல், இரு பக்கத்துக்கும் நடுவில் எழுப்பிய சுவர் என்றும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிள்ளை விரலால் தொட்டு விளையாடும் 3 வோல்ட், 5 வோல்ட் உலகம். மறு பக்கம் அதைவிட வலுவான உலகம். சுவர் முழுமையாக இருக்கும் வரை இரண்டும் ஒன்றையொன்று தீண்டாது. இன்று நான் சொல்லப் போகும் பலவும் அந்தச் சுவரில் எப்படியெல்லாம் விரிசல் விழுகிறது என்பதைப் பற்றியவைதான்.

இடையில் ஒரு சுவையான செய்தி. ரிலேக்களை வைத்தே ஒரு காலத்தில் கணினி செய்தார்கள். ஜெர்மனியில் கோன்ராட் சூசே 1941இல் முடித்த கணினியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேயின் நடுவே அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். நிரல் பிழையைப் 'பூச்சி' என்று கணினிக்காரர்கள் அழைப்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். உண்மையில் அந்தச் சொல் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. பூச்சிதான் பிறகு வந்து பெயரைக் காப்பாற்றியது.

70 மில்லி ஆம்பியர் எங்கிருந்து வரும்?

இப்போது கணக்குக்கு வருவோம். கடையில் அதிகம் கிடைக்கும் 5 வோல்ட் நீல ரிலேயின் சுருளுக்கு மின்தடை ஏறக்குறைய 70 ஓம். ஐந்தை எழுபதால் வகுத்தால் சுமார் 71 மில்லி ஆம்பியர். ரிலே இழுத்துப் பிடிக்க அவ்வளவு மின்னோட்டம் தேவை.

பலகையின் ஒரு முனை எவ்வளவு தரும்? பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் பயன்படுத்தும் அர்டுயினோ ஊனோவில் ஒரு முனைக்கு 20 மில்லி ஆம்பியர் என்பதே நல்ல அளவு. 40ஐத் தாண்டினால் சில்லு கெட்டுப்போகலாம். 2023இல் வெளிவந்த ஊனோ ஆர்4 பலகையில் அந்த அளவு 8 மில்லி ஆம்பியராகக் குறைந்துவிட்டது. ராஸ்பெரி பையும் மைக்ரோபிட்டும் 5 வோல்ட்கூடத் தருவதில்லை, 3 வோல்ட் அளவில் வேலை செய்பவை. பழைய புத்தகத்தில் படித்ததைப் புதுப் பலகையில் அப்படியே செய்யக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆக, 71 கேட்கும் சுருளை 20 தரும் முனையோடு நேராகக் கட்டினால் என்ன ஆகும்? சில சமயம் ரிலே அசையாது. சில சமயம் அசையும். அசைவதுதான் ஆபத்து. "பார்த்தாயா, வேலை செய்கிறதே" என்று பிள்ளை அப்படியே விட்டுவிடும். சில்லு உள்ளுக்குள் சூடேறி, சில நாளில் அந்த முனை செத்துப்போகும்.

நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். 2என்2222 என்ற சிறு டிரான்சிஸ்டர் இதற்குப் போதும். பலகையின் முனையிலிருந்து சில மில்லி ஆம்பியர் அதன் அடிவாய்க்குப் போனால், அது சுருளின் 71 மில்லி ஆம்பியரைத் திறந்து விடும். அடிவாய்க்குப் போகும் வழியில் ஒரு மின்தடையம் வைக்க வேண்டும். 5 வோல்ட் பலகை என்றால் 1000 ஓம் வைக்கலாம், 4 மில்லி ஆம்பியருக்குச் சற்று அதிகமாகப் போகும். 3.3 வோல்ட் பலகைக்கு அதே 1000 ஓமை வைத்தால் இரண்டரை மில்லி ஆம்பியர்தான் போகும். டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறக்க வாய்ப்புண்டு. அரைகுறையாகத் திறந்தால் சுருளுக்கும் அரைகுறையாகத்தான் கிடைக்கும், டிரான்சிஸ்டரும் சூடாகும். அங்கே 470 ஓம் வைப்பது நல்லது.

டிரான்சிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் வைக்கலாமே என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஐஆர்எஃப்540 போன்றவை முழுதாகத் திறக்க 10 வோல்ட் எதிர்பார்ப்பவை. குறைந்த மின்னழுத்தத்தில் திறக்கும் வகை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சுருள் திருப்பி அடிக்கும்

அடுத்தது டையோடு. இணையப் படங்களில் இதை விட்டுவிட்டு வரைந்திருப்பதை நிறையப் பார்க்கலாம்.

வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்க மாட்டேன் என்று குழாயை இடிக்கிறது. சுருளும் அப்படித்தான். அதில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் சட்டென்று நிறுத்தும்போது, காந்தத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேற வழி தேடும். வழி இல்லாவிட்டால் மின்னழுத்தம் நூறு வோல்ட்டையும் தாண்டி எகிறக்கூடும். 2என்2222 தாங்குவது 30 அல்லது 40 வோல்ட்தான்.

சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்துவிட்டால், அந்த ஆற்றல் அதன் வழியே சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். 1என்4007 போதும், சில காசு விலைதான். கோடு போட்ட பக்கம் நேர்மின் பக்கமாக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் டிரான்சிஸ்டர் திறந்தவுடன் மின்சாரம் சுருளை விட்டுவிட்டு டையோடு வழியே குறுக்கே பாய்ந்துவிடும். ரிலே அசையாது, ஏதாவது ஒன்று சூடாகும்.

டையோடு இல்லாத சுற்று முதல் நாளே கெட்டுப்போவதில்லை. பத்து முறை, நூறு முறை ஓடும். திடீரென்று பலகை தானாகவே மீண்டும் தொடங்கும், அல்லது உணரி தவறான எண்ணைக் காட்டும். பிள்ளை நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழித்திருக்கும். குற்றவாளி நிரலில் இருக்காது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினியின் யுஎஸ்பி வாயிலிருந்தே பலகை, ரிலே, மோட்டார் மூன்றுக்கும் மின்சாரம் எடுப்பது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரியும், பலகை மயங்கி விழும். ரிலேக்கும் மோட்டாருக்கும் தனி மின்வழங்கி வையுங்கள். டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டும்போது பலகையின் எதிர்மின் கம்பியும் ரிலேயின் எதிர்மின் கம்பியும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். அதை இணைக்காமல் விட்டால் டிரான்சிஸ்டருக்குக் கட்டளை போய்ச் சேராது.

கடையில் வாங்கும் ரிலே பலகைகளில் டிரான்சிஸ்டர், டையோடு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். பலவற்றில் ஆப்டோகப்ளர் என்ற சின்னக் கறுப்புச் சில்லும் இருக்கும். அதற்குள் ஒரு விளக்கு எரிந்தால் எதிரே உள்ள உணரி விழிக்கும். வெளிச்சம் மட்டுமே இடைவெளியைக் கடக்கும். ஆக, ஒரு சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். ஆனால் இந்த இரண்டாம் சுவரைக் கடைக்காரர்களே ஒரு சிறு துண்டுச் செருகியால் உடைத்து அனுப்புகிறார்கள். ஜே.டி.வி.சி.சி. என்று எழுதிய இடத்தில் அது செருகப்பட்டிருக்கும். அது இருக்கும் வரை பலகைக்கும் ரிலேக்கும் ஒரே மின்சாரம்தான். அதைக் கழற்றி, அங்கே தனி 5 வோல்ட் கொடுத்தால்தான் ஆப்டோகப்ளருக்குக் கொடுத்த காசுக்குப் பயன்.

தலைகீழ்க் கட்டளை

இந்தப் பலகைகளில் பலவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. முனையில் மின்னழுத்தம் இருந்தால் அணையும், இல்லாவிட்டால் எரியும். நமக்குத் தலைகீழாகத் தோன்றும். இதைக் கவனிக்காமல் எழுதிய நிரலில் ஒரு வேடிக்கை நடக்கும். பலகைக்கு மின்சாரம் கொடுத்தவுடன் பம்பு ஒரு கணம் ஓடி நிற்கும்.

காரணம் இதுதான். அர்டுயினோ ஊனோ விழித்தெழும்போது அதன் முனைகள் எல்லாம் கேட்கும் நிலையில் இருக்கும், கட்டளை தரும் நிலையில் இருக்காது. நிரல் "இது வெளியீட்டு முனை" என்று அறிவித்த உடனே அது பூச்சியத்துக்கு இறங்கும். தலைகீழ்ப் பலகைக்குப் பூச்சியம் என்றால் 'ஓடு' என்று பொருள். ஆகவே முதலில் முனைக்கு உயர்ந்த மதிப்பை எழுதிவிட்டு, அதன் பிறகே அதை வெளியீட்டு முனையாக அறிவிக்க வேண்டும். நிரலில் இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும்.

ஒரு கணம்தானே என்று சொல்லாதீர்கள். செடிக்குத் தண்ணீர் விடும் பம்பு ஒரு கணம் ஓடினால் ஒன்றும் ஆகாது. அதே ரிலே ஒரு கதவைத் திறப்பதற்கோ, ரோபோவின் கையை இறக்குவதற்கோ இருந்தால், அந்த ஒரு கணத்தில் விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நீங்களே டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டும்போது அடிவாய்க்கும் எதிர்மின் கம்பிக்கும் நடுவே ஒரு 10,000 ஓம் மின்தடையம் வையுங்கள். பலகை இன்னும் விழிக்காத நேரத்திலும், கம்பி கழன்று தொங்கும் நேரத்திலும் டிரான்சிஸ்டர் மூடியே இருக்கும்.

பலகை செத்தால் மீன் வாழுமா?

இனி மறு பக்கம். ரிலேயின் தொடுமுனைப் பக்கத்தில் மூன்று திருகுகள் இருக்கும். நடுவில் உள்ளது பொது. ஒரு பக்கம் என்.ஓ., அதாவது ரிலே சும்மா இருக்கும்போது திறந்திருப்பது. மறு பக்கம் என்.சி., சும்மா இருக்கும்போது மூடியிருப்பது. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம். மின்சுற்று திறந்திருந்தால் மின்சாரம் போக முடியாது. பாலம் தூக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

எந்தத் திருகில் கட்டுவது? "எதில் கட்டினாலும் நிரலில் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. நிரல் ஓடும்போதுதான் நிரலில் மாற்றுவதற்குப் பொருள் உண்டு. நிரல் ஓடாத நேரத்துக்கு எந்தத் திருகு என்பதுதான் முடிவு சொல்லும்.

இரண்டு உதாரணம் பாருங்கள். செடிக்குத் தண்ணீர் விடும் பம்பு. பலகைக்கு மின்சாரம் போய்விட்டால் பம்பு நிற்க வேண்டும். செடி ஒரு நாள் வாடலாம், தண்ணீர் வழிந்து கீழ் வீட்டுக் கூரையில் இறங்கக்கூடாது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வழக்கு என்று தெரியும். ஆகவே என்.ஓ.

மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பு இதற்கு நேர்மாறு. பலகை செத்தாலும் காற்று நிற்கக்கூடாது. நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டியில் காற்று நின்றால் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கும். ஆகவே என்.சி. காற்றை நிறுத்த வேண்டிய நேரத்தில் மட்டும் ரிலே இழுக்கட்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கட்டும். இதில் சுருளுக்கு மின்சாரமும் மிச்சம்.

திட்டத்தை வரையும்போதே பிள்ளையிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "உன் பலகை இப்போது செத்துவிட்டது. இந்தப் பொருள் என்ன செய்ய வேண்டும்?" மின்னணுவியல் தெரியாத பெற்றோரும் இதைக் கேட்கலாம். பதில் தெரிந்துவிட்டால் திருகு எது என்பதும் தெரிந்துவிடும்.

பலகை சாவது ஒரு வகை. சாகாமல் உறைந்துபோவது இன்னொரு வகை. நிரல் எங்கோ சிக்கி நிற்கும், முனை கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காகவே ஊனோவின் சில்லுக்குள் ஒரு காவல் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நிரல் அதிகபட்சம் 8 நொடிக்குள் "நான் விழித்திருக்கிறேன்" என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது சில்லை மீண்டும் தொடங்கிவிடும். தொடங்கும்போது முனைகள் கேட்கும் நிலைக்குத் திரும்புவதால் ரிலேயும் விட்டுவிடும். வகுப்புகளில் இதை அதிகம் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு நிரலில் மருந்தே இல்லை. தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வது. ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் மாறுமின்சாரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எதையும் கட்டலாம் என்று நினைக்கிறோம். அது வெப்பக் கம்பி போன்ற சாதுவான சுமைக்குச் சொன்ன அளவு. மோட்டார் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். தொடுமுனைகள் சேரும் இடத்தில் பொறி பறக்கும், உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு நிரல் 'நில்' என்று ஆயிரம் முறை சொன்னாலும் சுருள் விட்டுவிடும், தொடுமுனை விடாது. பம்பு ஓடும்.

நேர்மின்சாரத்தில் இது இன்னும் மோசம். நம் வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை பூச்சியத்தைத் தொட்டு மீளும். பொறி அணைய அது வழி செய்கிறது. நேர்மின்சாரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால்தான் அதே ரிலேயில் நேர்மின்சாரத்துக்கு 30 வோல்ட் என்று தனியாக எழுதியிருப்பார்கள். 12 வோல்ட் மோட்டாருக்குக் குறுக்கேயும் ஒரு டையோடு வையுங்கள். தொடுமுனையின் ஆயுள் கூடும்.

வீட்டு மின்சாரத்தைப் பிள்ளை தொடலாமா?

பெற்றோர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி இதுதான். பேச்சு வழக்கில் 240 வோல்ட் என்கிறோம், இப்போதைய கணக்கில் 230. ரிலேயின் மேல் 250 என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் கட்டலாமே?

ரிலே தாங்கலாம். அது உட்கார்ந்திருக்கும் பலகை தாங்குமா என்பதே கேள்வி. மலிவான பலகைகளைத் திருப்பிப் பாருங்கள். சுருளுக்குப் போகும் செம்புக் கோடும் வீட்டு மின்சாரம் ஓடும் கோடும் சில இடங்களில் மிக அருகில் ஓடும். நல்ல பலகையில் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். மலிவானதில் அது இருக்காது. 10 ஆம்பியர் ஓடப் போதாத அளவுக்குக் கோடு மெலிந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றையும், இடுக்கில் சேரும் தூசியையும், நடமாடும் எறும்பையும் பல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் என்று சொன்னேனே, அந்தச் சுவர் இங்கேதான் இடியும். இடிந்தால் 230 வோல்ட் பலகைக்கு வரும், பலகையிலிருந்து யுஎஸ்பி கம்பி வழியே மடிக்கணினிக்கு வரும், மடிக்கணினியின் மேல் பிள்ளையின் கை இருக்கும்.

போதாக்குறைக்கு, அந்த மூன்று திருகுகளும் மூடியில்லாமல் மேலே தெரியும். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விரல் படாது என்று யார் உறுதி சொல்வது?

"வீட்டில்தான் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே" என்பீர்கள். சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு அது கட்டாயம். பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்தால், எங்கோ ஒருவர் உடல் வழியே தரைக்குப் போகிறது என்று கருதித் துண்டிக்கிறது. ஒருவர் ஒரு கையால் மின்கம்பியையும் மறு கையால் அதன் திரும்பு கம்பியையும் தொட்டால், போனதெல்லாம் திரும்பி வருகிறது. கருவிக்கு நீங்களும் ஒரு விளக்கும் ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பலகையின் முனை தரும் 20 மில்லி ஆம்பியர் ஒரு குட்டி விளக்கை எரிய வைக்கும், அவ்வளவுதான். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடல் வழியே ஓடினாலே கைத்தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 5 வோல்ட்டுக்கு உலர்ந்த தோலைத் தாண்டி அவ்வளவு மின்னோட்டத்தைத் தள்ளும் வலு இல்லை. 230 வோல்ட்டுக்கு உண்டு.

ஆகவே என் கருத்து தெளிவானது. பிள்ளைகளின் ரிலே 12 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் உள்ள 12 வோல்ட் மின்வழங்கியைச் சுவரில் செருகுங்கள். வீட்டு மின்சாரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். செடிக்கு 12 வோல்ட் பம்பு கிடைக்கிறது. மீன் தொட்டிக்கு 5 வோல்ட்டில் ஓடும் காற்றுப் பம்பு கிடைக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. டிரான்சிஸ்டர், டையோடு, என்.ஓ., என்.சி., எதுவும் விடுபடாது. 12 வோல்ட்டுக்கு மாஸ்ஃபெட்டே போதுமே, ரிலே எதற்கு என்று கேட்டால், சரியான கேள்விதான். சத்தமின்றி ஓடும், தேயாது. ஆனால் என்.சி. தொடுமுனை தரும் வசதி அதில் எளிதாகக் கிடைக்காது. காதால் கேட்டுக் கற்கும் 'டிக்' ஒலியும் கிடைக்காது.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் பொருளைத்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்றால், முத்திரை பெற்ற, முழுதும் மூடிய திறன் செருகியை வாங்கிக்கொள்ளுங்கள். சுவருக்குள் கம்பியைத் தொடும் வேலை என்றால் அது உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. இரு நாட்டிலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஊருக்குப் போகும் முன்

கட்டி முடித்த பிறகு சோதனைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பம்பு ஓடும்போது பலகையின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பம்பு நிற்கிறதா? மறுதொடக்கப் பொத்தானை அழுத்துங்கள். பம்பு ஒரு கணம் துள்ளுகிறதா? மண்ணில் ஈரம் பார்க்கும் உணரியின் கம்பியைக் கழற்றுங்கள். இங்கேதான் பல திட்டங்கள் தோற்கும். கழன்ற உணரி "மண் காய்ந்திருக்கிறது" என்றே சொல்லும். இரு உலோகக் கால்களை மண்ணில் குத்தும் மலிவு வகை, சில வாரங்களில் துருப்பிடித்தும் அதையே சொல்லும். நிரல் நம்பும், பம்பு ஓடும். உணரி என்ன சொன்னாலும் ஒரு நாளைக்கு இத்தனை நொடிக்கு மேல் ஓடக்கூடாது என்று நிரலில் ஒரு வரம்பு போடுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வரம்பு போட்டாலும் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தண்ணீர் எடுக்கும் வாளியைச் சிறியதாக வையுங்கள். முழு வாளியும் ஒரேயடியாகக் கொட்டினாலும் செடித்தொட்டியும் அதன் கீழுள்ள தட்டும் தாங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் இருக்கட்டும். நீண்ட பயணத்துக்கு இது போதாது, உண்மைதான். வாளி காலியான பிறகும் பம்பு ஓடினால் பம்பு கெட்டுப்போகலாம், அதுவும் உண்மை. கீழ் வீட்டுக் கூரையோடு ஒப்பிட்டால் பம்பின் விலை ஒன்றுமே இல்லை.

வாளியை எங்கே வைப்பது என்பதையும் பாருங்கள். குழாயின் வாய், வாளியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வாளியை மேசைமேல் வைத்துக் குழாயைக் கீழே தொட்டிக்கு விட்டால், ரிலே விட்டு, பம்பு நின்று, பலகை சரியாக 'நில்' என்று சொல்லி முடித்த பிறகும், தண்ணீர் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும்.